அர்த்தமில்லாச் சொற்களில் பாடிய அக்கா

எங்கள் அக்கா கர்த்தருக்குள் இளைப்பாறச் சென்று ஓராண்டாகிறது. உடன்பிறந்தவள் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன். அக்கா என்ன வேலை செய்தார் என்பதே உறவினர் பலருக்குச் சரியாகத் தெரியாது. "சின்னப் புள்ளைங்களுக்குப் பாட்டு டீச்சர்" என்று சொல்லி முடித்துவிடுவோம்.

அக்கா பிறந்தது கடப்பாக்கத்தில். பெற்றோர் பிறர் நிலத்தில் கூலி வேலை செய்தவர்கள். ஆலயப் பாடகர் குழுவில் நின்றுதான் அக்கா பாடப் பழகினார். படிப்பு முடிந்ததும் மாமல்லபுரம் கடற்கரை விடுதி ஒன்றில் வரவேற்பு மேசை வேலைக்குச் சேர்ந்தார். சனிக்கிழமை மாலைகளில் சென்னையிலிருந்து ஓர் அம்மையார் அங்கு வந்து ஜாஸ் பாடுவார். மெட்டைப் பாதியில் வளைத்து, சொற்களை விட்டுவிட்டு, 'தூபி தூவா' என்று வெறும் ஒலிகளாலேயே விளையாடுவார். கேட்டுக் கேட்டே அக்கா அதைக் கற்றுக்கொண்டார். அம்மையார் வெளிநாட்டிலிருந்த மகனிடம் போனபின், அக்காவே பாடினார். ஒருமுறை நான் போயிருந்தேன். எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள், பாட்டு முடிந்ததை ஒருவரும் கவனிக்கவில்லை. அக்கா மைக்கை அணைத்துவிட்டு என்னருகில் வந்து அமர்ந்தார்.

கொரோனா காலத்தில் விடுதி பாட்டை நிறுத்தியது. பள்ளிகள் மறுபடி திறந்ததும் அக்கா ஊரப்பாக்கத்தில் ஒரு மழலையர் பள்ளியில் சேர்ந்தார். திருமணம் செய்துகொள்ளாதவர், ஒற்றை அறையில் தனியே குடியிருந்தார்.

வகுப்பில் அவர் "இட்லி, இட்லி" என்று பாடினால், பிள்ளைகள் "பிட்லி, டுட்லி, தூ!" என்று திருப்பிப் பாட வேண்டும். ஒருவர் பாடியதை மற்றவர் பாடக் கூடாது. விதி அவ்வளவுதான்.

ஒரு தாய் பள்ளிக்கே வந்துவிட்டார். "இன்னா மிஸ், சோறு துன்னச் சொன்னாகூட டுட்லி டுட்லின்னுகினு கீது. ஒழுங்கா ரைம்ஸ் சொல்லிக் குடுக்க மாட்டீங்களா?"

"சாப்புடுதா இல்லியா?"

"துன்னுது. பாடிக்கினே துன்னுது."

"அப்போ பாடட்டும்மா. நீங்களும் ஒருவாட்டி பதிலுக்குப் பாடிப் பாருங்க" என்றார் அக்கா.

ஆண்டுதோறும் பிள்ளைகள் பெரிய பள்ளிகளுக்குப் போய்விடுவார்கள். ரயில் நிலையத்தில் ஒருநாள் நானும் உடனிருந்தபோது, பழைய மாணவி ஒருத்தி அக்காவை யாரோ என்பதுபோல் பார்த்துவிட்டுக் கடந்து போனாள். "அப்போ அதுக்கு நாலு வயசுடி. எப்டி ஞாபகம் இருக்கும்?" என்றார் அக்கா.

பிறகு தொண்டையில் கட்டி வந்தது. செங்கல்பட்டில் அறுவை சிகிச்சை செய்தார்கள். உயிர் மிஞ்சியது, குரல் போய்விட்டது. அலுவலக வேலை தருவதாகப் பள்ளியில் அன்போடு சொன்னார்கள். ஒரே ஒரு வகுப்பு எடுத்துப் பார்க்கிறேன் என்று அக்கா கிசுகிசுப்பாய்க் கேட்டுக்கொண்டார். துணைக்கு நானும் போனேன்.

பிள்ளைகள் சுற்றி அமர்ந்தார்கள். அக்கா வாய் திறந்தார்; காற்றுதான் வந்தது. ஒரு குழந்தை பயந்து அழத் தொடங்கியது. அக்கா வாயை மூடிக்கொண்டு, விரலைச் சொடுக்கித் தாளம் போட்டார். நெடுநேரம் சொடுக்கு மட்டுமே கேட்டது. பிறகு முன்வரிசைச் சிறுமி ஒருத்தி, கேள்வி கேட்பதுபோல், "டுட்லி?" என்றாள். அக்கா தலையசைத்தார். பின்னாலிருந்து ஒரு பையன், "மெதுவடை தூவா!" என்றான். அப்புறம் வகுப்பே பாடியது. அக்கா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார், சொடுக்கை நிறுத்தவில்லை. நோய் திரும்பி வரும்வரை அப்படியே வகுப்பு எடுத்தார்.

கடைசி வாரங்களில் செங்கல்பட்டில் என் வீட்டில் இருந்தார். பகலில் நான் வேலைக்குப் போகும்போது துணைக்கு ரேடியோ போட்டுவிட்டுப் போவேன். ஒருநாள் அதை நிறுத்தச் சொன்னார். "அது பாடிக்கினே கீது. நாம பாடுனா கேக்க மாட்டேங்குது" என்று கிசுகிசுத்தார்.

ஊரப்பாக்கம் வீட்டுக்காரக் குடும்பத்தாருக்கும், பள்ளித் தலைமையாசிரியைக்கும், அக்காவைக் கவனித்துக்கொண்ட செவிலியர்களுக்கும், போதகருக்கும் எங்கள் நன்றி. கடப்பாக்கத்தில் அடக்கத்தன்று மழை. வந்தவர்கள் சிலரே. பாடகர் குழு வந்து சேரவில்லை. பாட்டை யார் தொடங்குவது என்று எல்லோரும் தயங்கி நின்றோம். ஒருநாளும் பாடியறியாத நான் தொடங்கினேன். சுருதி தவறிய அந்தக் குரலைத் தனியே விடாமல், கூடச் சேர்ந்து பாடினீர்களே, அதற்கும் நன்றி.