அண்ணியின் கடலும் என் கூச்சமும்

கடந்த ஜூலை பதின்மூன்றாம் தேதி, மாலை நான்கு மணி. எங்கள் பிரேசர் டவுன் வீட்டில், கடல் ஆய்வாளரான என் அண்ணி தலையைப் பிடித்துக்கொண்டு அமர்ந்திருந்தார். மடிந்த நுண்ணுயிர்களின் கரிமத் துகள்கள் கடலில் எப்படி மூழ்குகின்றன என்ற அவருடைய கணினிக் கணிப்பில், ஆழத்துக்கு எதுவுமே போய்ச் சேரவில்லை. மறுநாள் அதை அலுவலகத்தில் விளக்கியாக வேண்டும்.

“வழியிலயே கடல்ல இருக்கிற குட்டிப் பூச்சிங்க எல்லாத்தையும் தின்னுடுது, கண்ணு,” என்றார் என்னிடம்.

அவர் மணமாகி வந்தது முதல், தொல்லையாகிவிடுவேனோ என்று நான் விலகியே இருந்தேன். அன்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். “தின்னா... அதுங்க வெளிக்குப் போகாதா, அண்ணி?”

அண்ணி நெற்றியில் அடித்துக்கொண்டார். “ஐயோ! அந்தக் கழிவுதான்டி வேகமா மூழ்கும். டெஸ்டுக்காக நானே புரோகிராம்ல அந்தக் கணக்கை ஆஃப் பண்ணிட்டு மறந்துட்டேன்!” சிரித்தபடி என்னை இழுத்து அணைத்துக்கொண்டார்.

அதை அவர் மீண்டும் சேர்த்ததும், பொழுது சாய்வதற்குள் கணிப்பில் துகள்கள் ஆழம் சேர்ந்தன. மறுநாள் காலை, இரண்டு காபியுடன், நெடுநாள் கேட்காமல் வைத்திருந்த இன்னொரு கேள்வியோடு அவருடைய அறைக்குப் போனேன்.