படிக்கட்டில் விரிந்த குடை

நெய்வேலியில் ஷிப்ட் முடிந்து திரும்பிய பஸ்ஸில், தினமும் உடன் வரும் ஒருவர் படிக்கட்டிலேயே குடையை விரித்து வழியை அடைத்த நொடியில்தான், என் கணக்கு எங்கே தப்புகிறது என்பது எனக்குப் பளிச்சென்று பட்டது.

வழுக்கைத் தலை, மழையென்றால் இறங்கும் முன்பே குடை விரிக்கும் பழக்கம். அவரைப் பற்றித் தெரிந்தது இவ்வளவுதான்.

"யோவ், எறங்கிட்டு விரிய்யா! இத்தினி பேரு நின்னுகினு இருக்கோம்ல?" என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார்.

"எறங்கிட்டு விரிச்சா மண்டை நனைஞ்சிடுங்களே!"

எங்கள் மின்நிலையத்தின் கொதிநீர்க் குழாயில் துளையிட்ட தகடு ஒன்று உண்டு. அதன் வழியே நான் கணக்கிட்ட அளவு தண்ணீர் ஒருநாளும் போனதில்லை. ஏனென்று நாளை அதிகாரியிடம் சொல்லியாக வேண்டும். அழுத்தம் குறைகிற துளையிலேயே கொஞ்சம் தண்ணீர் ஆவியாகி, குடைபோல விரிந்தால்? பின்னால் வருவது தேங்கத்தானே செய்யும்!

குடை மழைக்குள் மிதந்து மறைந்தது. டவுன்ஷிப்பில் அவர் வீடு எந்த பிளாக் என்றுகூடக் கேட்கவில்லை. வெறும் தண்ணீர் என்று போட்ட கணக்கில், இன்று ஆவியையும் சேர்த்துப் பார்க்கப்போகிறேன்.