அப்பாவின் ‘நம்மாளு’

டெக்சஸ் வெயிலில் நிறுத்திவைத்த காருக்குள்ளிருந்து எடுத்த கேசட் கையைச் சுடும். அப்பா அதைக் கைக்குட்டையால் பிடித்து, இரண்டு முறை ஊதிவிட்டுத்தான் ஸ்டீரியோவுக்குள் தள்ளுவார். ரிச்சர்ட்சனில் டெலிகாம் கம்பெனி ஒன்றில் இன்ஜினியராக இருந்த அவருக்கு அதில் பாடிய ஆர் அண்ட் பி பாடகரை எப்படிப் பிடித்துப்போனது என்று எனக்குத் தெரியாது. ஓக்லண்டு பக்கத்துச் சர்ச்சில் பாடிப் பழகி, தானே எழுதி, தானே மெட்டுப் போட்டு, பியானோ முன் உட்கார்ந்து பாடுகிற கறுப்பின மனிதர் அவர். அப்பா வைத்த பெயர் ‘நம்மாளு’. “நம்மாளு புதுசா ஒண்ணு போட்டிருக்கார்டி” என்று ஏதோ சொந்த மச்சான் வீடு கட்டியது போல அம்மாவிடம் பெருமையடிப்பார். சனிக்கிழமை பிளானோவுக்கு மளிகை வாங்கப் போகும் வழி முழுக்க அவர்தான். அப்பாவும் கூடவே பாடுவார், பின்சீட்டில் நான் வெட்கப்பட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

என் பதினோராவது வயதில் அப்பா ஆபீஸில் மயங்கி விழுந்தார், வீடு திரும்பவில்லை. காரியம் முடிந்த அன்று, ரசப் பாத்திரத்தோடு வந்த பக்கத்துத் தெரு ஆன்ட்டி, “வருஷம் திரும்பற வரைக்கும் வீட்ல பாட்டு, பண்டிகை எதுவும் வேண்டாம்” என்றார். அம்மா அதைக் கார் ஸ்டீரியோவுக்கும் சேர்த்தே எடுத்துக்கொண்டார். வருஷம் திரும்பியது. வாத்தியார் வந்து வருஷாப்திகத்தை முடித்துவைத்தார். அடுத்த தீபாவளிக்குப் புதுத்துணி எடுத்தோம், கொலுகூட வைத்தோம். ஆனால் பாட்டை மறுபடி போடலாம் என்று சொல்ல யாருக்கும் தோன்றவில்லை, கேட்க எங்களுக்கும் தோன்றவில்லை. இப்படியாக ஒரு வருஷத் தடை முப்பது வருஷம் நீண்டது.

அந்த முப்பது வருஷமும் நம்மாளு வெளியே பாடிக்கொண்டுதான் இருந்தார். பல் டாக்டரின் வரவேற்பறையில், விமான நிலையத்தில், கல்லூரித் தோழியின் கல்யாணத்தில் அவரைத் துண்டு துண்டாகக் கேட்டேன். புகழ் ஏறியது, இறங்கியது. சில காலம் ஆளையே காணோம். பிறகு இளம் பாடகர்களுக்கு எழுதிக்கொடுத்தார். பிறகு கசினோ மேடைகளில் தென்பட்டார். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. மரத்துப்போன காலைக் கிள்ளிப் பார்ப்பது போல ஒவ்வொரு முறையும் நின்று கேட்பேன், அவ்வளவுதான். எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று, அப்பாவின் குரல். போட்டோக்கள் நிறைய இருக்கின்றன. குரல் எதிலும் பதிவாகவில்லை, என் நினைவிலும் தங்கவில்லை.

போன வசந்தத்தில், டல்லாஸில் அவருடைய விடைபெறும் கச்சேரி என்று அம்மாவே போனில் பார்த்துச் சொன்னார். “போலாமா? டிரைவ் நீ பண்ணு.” ஞாயிற்றுக்கிழமை மதியம் போனோம். முதியவரைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து பியானோ முன் உட்காரவைத்தார்கள். அப்பா எப்போதும் பாடும் அந்தப் பாட்டையே முதலில் எடுத்தார். பழைய உச்சம் எட்டாததால் சுருதியை வெகுவாக இறக்கிப் பாடினார். குரல் போய்விட்டது என்று பின்வரிசையில் யாரோ அலுத்துக்கொண்டார்கள். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தார்.

“இதேதான். உங்கப்பாவுக்கு மேல எட்டாதுடி. இந்த சுருதியிலதான் பாடுவார்.”

பாட்டு முடியும்வரை கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். அழுகை வரவில்லை. அப்பாவின் குரலும் வரவில்லை. ஆனால் அது எந்த உயரத்தில் ஒலித்தது என்பது தெரிந்துவிட்டது. முப்பது வருஷத்தில் அவரைப் பற்றி எனக்குக் கிடைத்த ஒரே புதுச் செய்தி அதுதான்.

இன்று அந்தக் காரும் இல்லை, கேசட் விற்ற கடையும் இல்லை. நம்மாளும் பாடுவதை நிறுத்திவிட்டார். போனில் தேடினால் அவர் பாட்டெல்லாம் கிடைக்கின்றன, அத்தனையும் இளவயதில் பாடியவை. போன வாரம் அம்மாவோடு போகும்போது காரில் அந்தப் பாட்டைப் போட்டேன். அம்மா பாதி வரை கேட்டார்.

“நல்லாத்தான் இருக்கு. ஆனா இது அவரோட சுருதி. அப்பாவோடது இல்ல.”

நான் அணைத்துவிட்டு ஓட்டினேன்.