வராத விருந்தாளியின் நாற்காலி

போக்னா எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் நாற்காலியைக் கவிழ்த்துப் பார்ப்பாள். வீட்டுக்காரருக்கு வணக்கம் சொல்வதெல்லாம் அப்புறம்தான். ஒருமுறை போலந்தின் போஸ்னான் ரயில் நிலையத்துக் காபிக் கடையில் இவள் நாற்காலிக்கு அடியில் தலையை விட்டுக் கிடந்ததைப் பார்த்து, பரிமாறுகிற பெண் பதறி ஆம்புலன்ஸைக் கூப்பிடப் போய்விட்டாள்.

"மயக்கமெல்லாம் இல்லம்மா. எவனோ ஒரு படுபாவி நாலு ஆணியில வேலைய முடிச்சிருக்கான், அதப் பாத்துக்கிட்டு இருக்கேன்" என்றாள் இவள், கீழே இருந்தபடியே.

நல்ல பருத்த உடம்பு அவளுக்கு. அதில் அவளுக்குக் கூச்சமும் கிடையாது. "என்னைத் தாங்குனா ஊரையே தாங்கும்க்கா" என்பாள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் மாட்டும் தட்டு, உருளைக்கிழங்கு சீவும் கத்தி, பள்ளிக்கூட பெஞ்சு, நாற்காலி என்று எதையாவது வடிவமைத்துப் பிழைக்கிறவள். அவளுடைய நாற்காலிகளுக்கு மெத்தை தைத்துக் கொடுக்கிற லூட்சினா நான். எங்கள் ஊர் ஸ்வாஜெண்ட்ஸில் தடுக்கி விழுந்தால் ஒரு மரச்சாமான் பட்டறையில்தான் விழ வேண்டும்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் விருந்தில் மேசையில் ஒரு தட்டு கூடுதலாக வைப்போம். யார் கதவைத் தட்டினாலும் அது அவருக்கு. எல்லா வீட்டிலும் நடப்பதுதான். போன வருஷம் என் வீட்டு மேசையில் உட்கார்ந்திருந்த போக்னா திடீரென்று கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அக்கா, தட்டு இருக்கு. நாற்காலி எங்க? வர்றவன் நின்னுக்கிட்டா திம்பான்?"

அன்றைக்கே வரைய ஆரம்பித்துவிட்டாள். குளிரில் நடந்து வந்தவன் கனத்த கோட்டோடு அப்படியே சாய்வதற்கு அகலமான பலகை, பீச் என்கிற கெட்டி மரத்தில் தடித்த கால்கள், கால்களைப் பிணைக்கக் குறுக்குச் சட்டங்கள். நார்பெர்ட் என்கிற முதலாளியின் கம்பெனி அந்த வடிவத்தை வாங்கியது. 'விருந்தாளிக்கு' என்று பெயர் வைத்தார்கள். அடியில் வடிவமைத்தவர் என்று இவள் பெயர். குழந்தை பிறந்த மாதிரி இனிப்பு கொடுத்தாள் எனக்கு.

இந்த வருஷம் டிசம்பரில் சரக்கு தயாரானது. இருவரும் பார்க்கப் போனோம். வழக்கம்போல ஒன்றைக் கவிழ்த்தாள். கவிழ்த்தவள் நிமிரவே இல்லை. குறுக்குச் சட்டங்களைக் காணோம். கால்கள் விரல் பருமனுக்கு இளைத்திருந்தன. அடியில் ஒரு ஸ்டிக்கர்: 'அலங்காரப் பொருள். உட்காரக் கூடாது.'

"போட்டோவுல ஒல்லியா இருந்தாத்தான் எடுப்பா இருக்கு மேடம்" என்றார் நார்பெர்ட். "யதார்த்தமா யோசிங்க. உங்க ஆயுசுல ஒரு தடவையாவது அந்தத் தட்டுக்கு ஆள் வந்திருக்கா?"

"வந்தா வேணும்னுதானே சார் வைக்கிறோம்! என் நாற்காலி என்ன ஒப்புக்குச் சப்பாணியா?"

"ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டுட்டீங்களே."

"அப்ப என் பேரையாவது எடுத்துருங்க."

"உங்க பேருக்காகத்தான மேடம் வாங்குறாங்க" என்று சிரித்தார் அவர். என் கையில் மட்டும் அப்போது தையல் ஊசி இருந்திருந்தால் அந்த வாயைத் தைத்துவிட்டுத்தான் வந்திருப்பேன்.

சரக்கு லாரியில் ஏறுகிற அன்றைக்குத்தான் கம்பெனியின் பண்டிகை விருந்து. ஏறுவதற்கு முன் பெயரை எடுக்கச் சொல்லி இன்னொரு முறை கேட்டுப் பார்க்கலாம் என்று போக்னா என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். "விருந்து முடியட்டும் மேடம்" என்று நழுவிவிட்டார் நார்பெர்ட். மேசையின் தலைப்பக்கம் அந்த நாற்காலி, முன்னால் காலித் தட்டு. விருந்தோம்பல் நம் ரத்தத்தில் ஊறியது என்று மனிதர் பேசோ பேசென்று பேசினார். பீட்ரூட் சூப் ஆறிப்போனது.

அப்போது கதவு திறந்தது. தொப்பியெல்லாம் பனியோடு ஒரு லாரி டிரைவர். ஆள் ஆஜானுபாகு, உக்ரைன்காரர்.

"ஏத்தியாச்சு சார். ஒரு கையெழுத்து வேணும்."

"வாசல்லயே நிக்காதீங்கண்ணே, வந்து உக்காருங்க! தட்டு இருக்குல்ல!" என்று பேக்கிங் பிரிவுப் பெண் ஒருத்தி கூவினாள். எல்லோரும் கைதட்டினார்கள். நிஜமாகவே ஒருவர் வந்துவிட்டாரே! அவர் வெட்கத்தோடு தொப்பியைக் கழற்றிக்கொண்டு அந்த நாற்காலிக்குப் போனார்.

"ஐயையோ, அதுல உக்காராதீங்க!"

நார்பெர்ட்தான்.

"அது… உடைஞ்சிரும். யாராவது சமையல்கட்டுலருந்து ஒரு ஸ்டூல் கொண்டாங்கப்பா."

டிரைவர் நாற்காலியைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார். தொப்பியை மறுபடி மாட்டிக்கொண்டார். "பரவால்ல சார். நான் வண்டியிலயே சாப்ட்டுக்கறேன்." கையெழுத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

போக்னா எழுந்து போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். மெதுவாகக்கூட இல்லை, தொம்மென்று. நான்கு கால்களும் நான்கு பக்கம் போயின. ஒருவரும் சிரிக்கவில்லை.

"நல்லாப் பாத்துக்கங்க" என்றாள், தரையில் கிடந்தபடியே. "இதைத்தான் விருந்தோம்பல்னு ஊரு பூரா விக்கப் போறாரு."

"பண்டிகையும் அதுவுமா இப்படியா மேடம் அசிங்கப்படுத்துவீங்க?" என்றார் நார்பெர்ட்.

அசிங்கப்படுத்தியது இவளாம்! கேட்டீர்களா நியாயத்தை? அதைவிடக் கொடுமை என்ன தெரியுமா? சுற்றியிருந்தவர்களில் பாதிப்பேர் அதற்குத் தலையாட்டினார்கள். சற்று முன் கைதட்டிய அதே கைகள் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தன.

நான் அந்தக் காலித் தட்டில் மீனும் பிரோகிக் கொழுக்கட்டைகளும் குவித்து எடுத்துக்கொண்டேன். போக்னாவைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு வெளியே வந்தேன். முற்றத்தில் லாரி உறுமிக்கொண்டிருந்தது. கதவைத் தட்டினேன். டிரைவர் கண்ணாடியை இறக்கித் தட்டைப் பார்த்தார், நொண்டிக்கொண்டு வந்து நின்ற போக்னாவைப் பார்த்தார்.

"பனியில நிக்காதீங்கம்மா, ஏறி வாங்க. ரெண்டு பேருக்கு இடம் இருக்கு."

ஏறினோம். இருக்கையில் கிடந்த துணிமணியை ஒதுக்கி, தன் போர்வையை விரித்துக் கொடுத்தார். மூன்று பேரும் ஒரே தட்டில் சாப்பிட்டோம்.

"என்ன சரக்குண்ணே?" என்று கேட்டேன், தெரிந்துகொண்டே.

"நாற்காலிங்கதான். ஒவ்வொரு பெட்டியிலயும் 'விருந்தாளிக்கு'ன்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கு." அவர் வாயைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "நம்மளச் சொல்லல போல. கீழ யாரோ ஒரு அம்மா பேரு போட்டிருக்கு. அவங்களத்தான் ஒருநாள் பாத்து, இது எந்த விருந்தாளிக்குன்னு கேக்கணும்."

போக்னா தன் கையிலிருந்த பிரோகியை அவர் பக்கமாகத் தட்டில் வைத்தாள்.