கோல் கீப்பர் இல்லாத சீசன்

எல்லை பிரிச்ச வருஷம் எங்க ஃபுட்பால் கிளப்புக்கு ரெண்டு வகை மேட்ச் வந்துட்ச்சி. ஒண்ணு உள்நாட்டு மேட்ச், இன்னொண்ணு ஃபாரின் மேட்ச். சிரிக்காதீங்க, நாங்க அப்படித்தான் சொல்லிக்கினு திரிஞ்சோம். நாகலாபுரத்துக்குப் பக்கத்துல எங்க ஊரு. அதுவரைக்கும் மெட்ராஸோட இருந்த ஊரு, கோடு போட்டதும் ஆந்திராவுக்குப் போயிட்ச்சி. நேத்து வரைக்கும் சைக்கிள்ல போய் ஆடிட்டு வந்த ஊத்துக்கோட்டை வெளி மாநிலமாம். எங்கள்ல பாதிப் பேரு கண்ணால கூட பார்க்காத சித்தூர் சொந்த ஜில்லாவாம். இன்னாடா கூத்து இதுன்னு சிரிச்சோம். அந்தச் சிரிப்பு ரொம்ப நாள் நிக்கல.

எங்களுக்கு கிரவுண்டுன்னு தனியா எதுவும் கிடையாது. ஏரி வத்தினா அதோட உள்வாய்தான் கிரவுண்டு. தண்ணி காஞ்ச தரையில கால்ல ஒண்ணும் போடாமதான் ஆடுவோம். ஊர் பள்ளிக்கூடத்து வாத்தியார்தான் கோல் கீப்பர். அவருக்கு முன்னாடி பேக் ஆடறவன் என் மச்சான், என் பொண்டாட்டி கூடப் பொறந்தவன். ஏர் ஓட்டறவன், நல்ல ஒசரம், ஆட்டத்துல பெரிய மூளை எல்லாம் கிடையாது. எதிராளி நெருக்கிட்டா பின்னாலிருந்து வாத்தியார் கொரல் வரும், "எனக்கு விடுப்பா!" இவன் திரும்பியே பார்க்க மாட்டான். கொரல் வந்த பக்கம் மெதுவா தட்டி விடுவான். பந்து நேரா வாத்தியார் கையில போய் ஒக்காரும். எங்க டீமோட மொத்தத் தந்திரமே அவ்ளோதான்.

இந்தப் பக்கம் இருக்கியா, அந்தப் பக்கம் போறியான்னு வாத்தியாருங்களை சர்க்காருல கேட்டாங்க. எங்க வாத்தியார் போறேன்னு எழுதிக் குடுத்துட்டார். "கடையில பேசற தெலுங்கு வேற, போர்டுல எழுதற தெலுங்கு வேறப்பா. எனக்கு ஆவாது" என்றார். ஊத்துக்கோட்டையில வேலை போட்டாங்க. என் மச்சான் கோவிச்சிக்கினு அவரைப் பார்த்தாலே மூஞ்சியைத் திருப்பிக்கினு போவான்.

கிளம்பற அன்னிக்கு வாத்தியார் ஏரிக்கே தேடி வந்தார்.

"அங்க டீம்ல என்னை கோல் நிக்கச் சொல்றாங்கப்பா. மாசியில கப் மேட்ச் வருதில்ல, அதுல நீங்க எங்களை ஜெயிச்சிட்டீங்கன்னா, அடுத்த சீசன் வாரா வாரம் பஸ் ஏறி வந்து உங்களுக்கே நிக்கறேன்."

நாங்க ஏதோ ஆறுதலுக்குச் சொல்றார்னு நினைச்சோம். மச்சான் மட்டும், "சத்தியமா சார்?" என்றான்.

"சத்தியம்டா."

அன்னியிலிருந்து அவனுக்கு வேற நெனப்பே கிடையாது. அந்த ஒரு மேட்ச் ஜெயிக்கணும், வாத்தியார் திரும்பி வரணும். சாமி கிட்ட கூட அதைத்தான் கேட்டிருப்பான்.

அதுக்கு நடுவுல உள்நாட்டு மேட்சுங்க. அதை நினைச்சா இப்பவும் முட்டி வலிக்குது. புத்தூருக்கு ஒரு பஸ், அங்கிருந்து இன்னொரு பஸ், இறங்கினதும் கட்டுச்சோறு துன்னுட்டு அதே சூட்டுல ஆட்டம். கோல்ல நிக்க ஆள் இல்லாம ஆளுக்கொரு மேட்ச் நின்னோம். சித்தூர்ல நான் நின்னேன். எத்தினி கோல் விட்டேன்னு மட்டும் கேக்காதீங்க. திருப்பதியில வேடிக்கை பார்த்தவங்க எங்களை "அரவ டீம், அரவ டீம்"னு கூப்பிட்டாங்க. அவங்க பாஷையில அரவம்னா தமிழு. திட்டணும்னு இல்ல, சும்மாதான். இருந்தாலும் அலுப்புல அதுவும் சுருக்குன்னு குத்துச்சி.

அந்தத் திருப்பதி மேட்ச்லதான் மச்சான் பழைய ஞாபகத்துல பின்னால தட்டி விட்டான். கோல்ல நின்னவன் எங்கியோ பராக்கு பார்த்துக்கினு இருந்தான். பந்து தானா உருண்டு எங்க கோலுக்குள்ளயே போயிட்ச்சி. ஜனம் விழுந்து விழுந்து சிரிச்சிது. "கண்ணு இல்லையாடா ஒனக்கு, திரும்பிப் பார்த்துக் குடுக்க மாட்டே?"ன்னு எல்லாரும் அவனைப் பிடிபிடின்னு பிடிச்சிட்டோம். அதோட பின்னால தட்டறதையே விட்டுட்டான். ஒவ்வொரு பந்துக்கும் தலையைத் தூக்கி நாலு பக்கமும் பார்க்கக் கத்துக்கினான். பாவம், ஏர் ஓட்டி முடிச்சிட்டு பொழுது சாயறப்ப தனியா ஏரியில பந்தைத் தட்டிக்கினு இருப்பான். நகரி மேட்ச்ல அவன் ஆடின ஆட்டத்தை வாத்தியார் பார்த்திருந்தா நம்பியே இருக்க மாட்டார்.

மாசி வந்துச்சி, ஃபாரின் மேட்சும் வந்துச்சி. புதுசா போட்ட செக்போஸ்ட்ல போலீஸ்காரர் மூட்டையைத் தட்டிப் பார்த்து "அரிசியா?"ன்னு கேட்டார். "பந்துங்க"ன்னோம். அவுத்துக் காட்டினப்புறந்தான் விட்டார். கிரவுண்டுல கால் வெச்சதும் ஒரு கூட்டம் "ஆந்திரா டீம் வந்துட்ச்சிடோய்"னு கத்துச்சி. அங்க போனா அரவம், இங்க வந்தா ஆந்திரா. போங்கய்யான்னு இருந்துச்சி.

வாத்தியார் எதிர் கோல்ல நின்னுக்கினு இருந்தார், வேற கலர் பனியன்ல. பார்க்கவே சகிக்கல.

ரெண்டு பக்கமும் கோல் விழல. முடியற நேரம் எங்களுக்கு ஒரு கார்னர் கெடைச்சிது. ஒசரமானவன்னு மச்சானை முன்னாடி அனுப்பினோம். பந்து ஒசரமா வந்துச்சி. வாத்தியார் எகிறிக் குத்தப் பார்த்தார், தவறிப்போய் முட்டி போட்டு விழுந்தார். பந்து நேரா மச்சான் கால்ல வந்து நின்னுச்சி. முன்னால மொத்த கோலும் காலி. சும்மா தட்டினா போதும்.

அப்ப விழுந்த இடத்துலயே வாத்தியார் கத்தினார், "எனக்கு விடுப்பா!"

மச்சான் தலையைத் தூக்கினான். அவரைப் பார்த்தான். பந்தை மெதுவா அவர் கைக்குத் தட்டி விட்டான்.

அந்தப் பந்தைக் கையில வெச்சிக்கினு வாத்தியார் முழிச்ச முழி இருக்கே! அவங்க டீம்ல "அடி சார், அடி"ன்னு கத்தினாங்க. எழுந்து ஒரே ஒதை. பேக் ஆடறவன் இங்க நிக்கறான், எங்க பக்கம் முழுக்கக் காலி. அவங்க ஆள் ஒருத்தன் பந்தை ஓட்டிக்கினு போய் கோல் போட்டான். அடுத்த நிமிஷம் விசில் ஊதிட்டாங்க.

பஸ்கிட்ட வாத்தியார் வந்தார். கண்ணெல்லாம் செவந்து கெடந்துச்சி.

"ஏமாத்தணும்னு கூப்பிடலடா. வாய்ல வந்துட்ச்சி."

"தெரியும் சார்" என்றான் மச்சான். அடுத்த சீசனைப் பத்தி ரெண்டு பேரும் வாயைத் தொறக்கல. அதுக்கப்புறம் வாத்தியார் எங்களுக்கு ஆட வரவே இல்ல.

பஸ்ல எனக்கு ஆத்திரம் தாங்கல. "ஏன்டா, ஒரு சீசன் பூரா திரும்பிப் பார்த்து ஆடக் கத்துக்கினியே, இன்னிக்கி இன்னாடா கேடு வந்துச்சி? எதிர் டீம்னு தெரியலியா?"

"தெரிஞ்சிதான் மாமா குடுத்தேன்" என்றான் அவன். "சீசன் பூரா அந்தக் கொரலுக்குத்தானே காத்துக்கினு இருந்தேன். வந்துட்ச்சி. எப்டி மாமா குடுக்காம இருப்பேன்?"