இல்லாத தொகுதியில் ஒரு பெயர்

புங்கமேட்டு அங்கன்வாடியில் மாலதிக்குப் பதினெட்டு வருஷ சர்வீஸ். பிறந்தது குமராட்சிப் பக்கம், கல்யாணமாகி வந்தது திருப்பாதிரிப்புலியூர். காலையில் டவுன் பஸ் பிடித்து ஊருக்கு வருவாள். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதுதான் உத்தியோகம் என்றாலும் ஊரில் பாதிப் பேருக்கு அவள் ‘ஓட்டு லிஸ்ட் டீச்சர்’. வாக்குச்சாவடி நிலை அலுவலர் பொறுப்பும் அவள் தலையில்தான். பேர் சேர்க்க, பேர் எடுக்க என்று வருஷம் தவறாமல் வீடுவீடாக அலைய வேண்டும்.

2025 நவம்பரில் வந்த வேலை அதையெல்லாம் ஒன்றுமில்லாமல் ஆக்கியது. வாக்காளர் பட்டியலை அடியோடு திருத்துகிறார்கள் என்று ஆயிரத்துச் சொச்சம் படிவங்களைக் கட்டாகக் கொடுத்தார்கள். இருபது வருஷத்துக்கு முந்தைய பட்டியலில் தன் பெயரோ பெற்றவர் பெயரோ எங்கே இருந்தது என்று ஒவ்வொருவரும் எழுத வேண்டும். எந்தத் தொகுதி, எந்தப் பாகம், என்ன வரிசை எண்.

அங்கேதான் சிக்கல். அந்தக் காலத்தில் புங்கமேடு நெல்லிக்குப்பம் சட்டமன்றத் தொகுதியில் இருந்தது. 2008இல் எல்லைகளை மாற்றி வரைந்தபோது அந்தத் தொகுதியையே எடுத்துவிட்டார்கள். நெல்லிக்குப்பம் டவுன் பண்ருட்டியோடு போனது, புங்கமேடு கடலூரோடு சேர்ந்தது. இப்போது எல்லாரும் கடலூர்ப் பட்டியலில் தேடிவிட்டு, “என் பேரு இல்ல டீச்சர்” என்று அவளிடம் வந்து நின்றார்கள்.

கொளஞ்சியம்மாள் வந்தது மழை பிடித்துக்கொண்ட ஒரு மதியம். கரும்பு வெட்டப் போகிறவள், அறுபது நெருங்கும் வயது. தலையில் போட்டிருந்த உரச்சாக்கைக் கழற்றி உதறினாள்.

“என் பேரு பழைய கடலூர் லிஸ்ட்லயும் இல்ல, நெல்லிக்குப்பம் லிஸ்ட்லயும் இல்லியாமே. நோட்டீஸ் வருமாம், விசாரணைக்குப் போவணுமாம். மெய்தானா?”

“பழைய லிஸ்ட்ல கெடைக்கலன்னா வரும்க்கா. பள்ளிக்கூடத்து சர்டிபிகேட் மாதிரி எதுனா இருக்கா?”

“நான் எங்க பள்ளிக்கூடம் போனேன்? ரேஷன் கார்டும் ஆதாரும்தான்.” சாக்கை மடித்துக் கக்கத்தில் வைத்தாள். “நான் வூடு மாத்தல டீச்சர். கட்டிக்கினு வந்த நாள்லேந்து அதே வூடுதான். தொகுதிய மாத்தினது அவுங்க. நான் எங்க போயி நிக்கணும்?”

மாலதி, தேடிப் பார்க்கிறேன் என்று படிவத்தை வாங்கி வைத்துக்கொண்டாள்.

பழைய பட்டியல் காகிதத்தைப் படம் பிடித்துப் போட்டதுபோல் இருந்தது. பெயரைத் தட்டித் தேட முடியாது, ஒவ்வொரு வரியாகப் படிக்க வேண்டும். பிள்ளைகள் சாப்பிட்டுத் தூங்கும் அந்த ஒரு மணி நேரத்தில் சுவரோரம் சாய்ந்து போனைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் படித்தாள். ஊர்ப் பெயர் போட்டிருந்த பாகத்தில் கொளஞ்சி இல்லை. அடுத்த பாகத்திலும் இல்லை. செத்துப்போனவர்கள் இருந்தார்கள். திருப்பூருக்குக் குடிபோனவர்கள் இருந்தார்கள். இப்போது பேரன் எடுத்துவிட்டவர்களுக்கு அதில் இருபத்திரண்டு வயது. கண் எரிந்து தண்ணீர் வந்தது.

மூன்றாம் நாள், பக்கத்து ஊர்ப் பாகத்தின் கடைசிப் பக்கத்தில் கிடைத்தது. ‘குளஞ்சியம்மா, கணவர் சடையப்பன்.’ வீட்டு எண் சரியாக இருந்தது. மாலதி சந்தோஷப்படக்கூடத் தெம்பில்லாமல் வரிசை எண்ணைக் கையில் பேனாவால் எழுதிக்கொண்டாள்.

சாயங்காலம் கொளஞ்சியின் வீட்டுக்கே போய்ச் சொன்னாள். கொளஞ்சி போனை வாங்கி உற்றுப் பார்த்தாள். படிக்கத் தெரியாது.

“அவுரு பேரு இருக்குதா?”

“இருக்குக்கா. ஒனக்கு மேல் வரில. சடையப்பன், வயசு நாப்பத்தொண்ணு.”

“நாப்பத்தொண்ணா?” கொளஞ்சி அந்த வரியின் மேல் விரலை வைத்தாள். திரை நகர்ந்துவிட்டது. மாலதி பழைய இடத்துக்குக் கொண்டுவந்து கொடுத்தாள். “அதுக்கு அடுத்த வருஷந்தான் போயிட்டாரு. இன்னும் எடுக்காம வெச்சிருக்காங்களே. அவுருக்கும் பாரம் எழுதிப் போடணுமா டீச்சர்?”

“வேணாம்க்கா. இது பழசு.”

“எடுத்துடாத, இருக்கட்டும்.”

எடுப்பதும் வைப்பதும் தன் கையில் இல்லை என்று மாலதி சொல்லவில்லை. படிவத்தில் கைரேகை வாங்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தாள்.

டிசம்பரில் வரைவுப் பட்டியல் வந்தது. கொளஞ்சியம்மாள் பெயர் இருந்தது. எழுபத்தோரு பேருடைய பெயர் போயிருந்தது. இறந்தவர்கள், ஊர் மாறினவர்கள், மூன்று தடவை போயும் வீடு பூட்டிக் கிடந்தவர்கள். பூட்டிய வீட்டுக்காரன் சிலம்பரசன் திருப்பூரிலிருந்து வந்து, அங்கன்வாடி வாசலில் பிள்ளைகள் பார்க்கக் கத்தினான்.

“என் பேர எடுக்க நீ யாரு?”

மாலதி அவன் வீட்டுக் கதவில் ஒட்டியிருந்த சீட்டின் படத்தைப் போனில் காட்டினாள், புதிதாகச் சேர்க்கும் ஆறாம் நம்பர் படிவத்தை எடுத்துக் கொடுத்தாள். கத்தி முடித்தவன் அவளிடமே பேனா கேட்டு எழுதினான்.

ஜனவரியில் கட்டுகளை ஒப்படைக்கப் போனபோது மேற்பார்வையாளர் இளவரசு டீ வாங்கிக் கொடுத்தார்.

“மக்கள்தொகைக் கணக்கு முடிஞ்சதும் மறுபடியும் தொகுதிய பிரிப்பாங்கன்னு பேசிக்கிறாங்கம்மா. அப்ப புங்கமேடு எந்தப் பக்கம் போவுமோ.”

“அப்பயும் நாந்தானா சார்?”

“நீங்க இல்லாம வேற யாரு?”

அவர் சிரித்தபடி படிவங்களைப் புரட்டினார். ஒன்றை மட்டும் தனியே எடுத்து நீட்டினார். சிலம்பரசனுடையது. போட்டோ ஒட்டவில்லை. மாலதி அதை மடித்துப் பையில் வைத்தாள். பொங்கல் முடிந்ததும் அவன் திருப்பூர் கிளம்பிவிடுவான். நாளைக்கே ஒரு நடை போய்விட வேண்டும்.