சூடு இல்லாத கோளாறு

என் தம்பி மோட்டார்களோடு பேசுவான் என்று தெருவில் ஒரு கதை உலவுகிறது. பேசவும் மாட்டான், பாடவும் மாட்டான். தொட்டுப் பார்ப்பான், அவ்வளவுதான். எரிந்துபோன மோட்டார்களுக்குப் புதிதாகச் செப்புக் கம்பி சுற்றித் தருகிற கடை எங்களுடையது. ஊருக்கு அவன் காயில்காரர், அக்கா எனக்குச் சொன்ன பேச்சுக் கேட்காத தம்பி. உள்ளே உட்கார்ந்து கம்பி சுற்றுவது அவன் வேலை. வாசல் மேசையில் உட்கார்ந்து, "நாளைக்கு வாங்க" என்று சொல்லித் திட்டு வாங்குவது என் வேலை.

ஓடுகிற மோட்டார் மேல் புறங்கையை வைப்பான். "பேரிங் போயிடுச்சு" என்பான். கழற்றினால் போயிருக்கும். அவனுக்கு ஒரே ஒரு வேதம்தான்: "சூடு இருந்தா கோளாறு இருக்கு. சூடு இல்லன்னா நிம்மதியா போய்த் தூங்கு." வீட்டிலும் இதே சட்டம். யார் முனகினாலும் நெற்றியில் புறங்கை வரும். சூடு இல்லையென்றால் நடிப்பு என்று தீர்ப்பு. என் தலைவலிகளை எல்லாம் அப்படித்தான் தள்ளுபடி செய்தான், பாவி.

கடைசியில் அந்தக் கைக்கே வந்தது வினை. முதலில் காலை நேரங்களில் விரல்கள் மடங்கவில்லை. பிறகு கணுக்கள் வீங்கிச் சிவந்தன. முடக்குவாதம் என்றார் டாக்டரம்மா. காவலுக்கு வளர்த்த நாய் வீட்டுக்காரனையே கடிக்கிற மாதிரி, கிருமியைத் தாக்க வேண்டிய உடம்பின் சக்தி சொந்த மூட்டுகளையே தாக்குகிறது என்று விளக்கினார். மாத்திரை மாற்றி மாத்திரை கொடுத்தார்கள். முகம் ஊதியதே தவிர விரல் நிமிரவில்லை. தலைமுடி கனத்தில் இருக்கும் கம்பியை அவனால் பிடிக்க முடியவில்லை. சட்டைப் பொத்தானை அவன் மனைவி போட்டுவிட்டாள். வேலை நேரத்தில் பாதி சுற்றிய காயிலை மடியில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பான். அதற்கும் அவனைத்தான் திட்டுவேன்.

அப்புறம்தான் அந்தப் புது மருந்து வந்தது. மாதம் ஒருமுறை ஆஸ்பத்திரியில் சாய்வு நாற்காலியில் உட்காரவைத்து ட்ரிப்ஸில் ஏற்றினார்கள். "வீங்கு, சுடு" என்று உடம்புக்குத் தகவல் கொண்டுபோகும் ஒரு பொருளை அது வழியிலேயே மறித்துவிடுமாம். மூன்றாவது முறை ஏற்றி வந்த வாரத்தில் ஒரு காலை, கூடத்தில் எல்லார் முன்னாலும் பெண்டாட்டியை உட்காரவைத்துத் தலை பின்னிவிட்டான். வெட்கம் கெட்டவன். பின்னல் அச்சு அசலாகக் காயில் சுற்றிய மாதிரி இறுக்கமாக இருந்தது. அவள் வலிக்கிறது என்றுகூடச் சொல்லாமல் அழுதாள்.

ஆனால் முதல் நாளே நர்ஸ் ஒன்று சொல்லியிருந்தாள். "இந்த மருந்து ஏத்தறவங்க காய்ச்சலை நம்பக் கூடாது சார். உள்ள கிருமி இருந்தாலும் உடம்பு சுடாம இருக்கலாம். ரத்தப் பரிசோதனைகூட சில நேரம் ஒண்ணுமில்லன்னு காட்டும். சோர்வு, மூச்சு வாங்கறது, சாப்பாடு இறங்காம இருக்கறது, எது வந்தாலும் உடனே வந்துடுங்க."

"சூடே இல்லாத கோளாறா? என் சர்வீஸ்ல பாத்ததில்ல சிஸ்டர்" என்று இவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. அது எனக்கு அப்போதே பிடிக்கவில்லை.

மழைக்காலம் வந்தது. வீட்டில் ஒவ்வொருவராகப் படுத்தோம். அவன் மனைவி காய்ச்சலில் புலம்பினாள், நான் போர்வைக்குள் நடுங்கினேன், இரண்டு பேரும் எழுந்தோம். அவனுக்கு மட்டும் லேசான இருமல். "பாத்தியாக்கா, நீங்கல்லாம் விழுந்தீங்க, நான் கல்லு மாதிரி நிக்கறேன்" என்று பீற்றிக்கொண்டான். கல் சாப்பிடவில்லை. தட்டு பாதியோடு திரும்பி வந்தது. பின்கட்டிலிருந்து வாசலுக்கு வருவதற்குள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"டாக்டர்கிட்ட போலாங்க" என்றாள் மனைவி.

"எதுக்கு? தொட்டுப் பாரு."

தொட்டாள். நானும் தொட்டேன். பானைத் தண்ணீர் மாதிரி குளிர்ச்சியாக இருந்தது. தெர்மாமீட்டரை வைத்தாள், அதுவும் அவன் கட்சியில் சேர்ந்துகொண்டது. "நிம்மதியா போய்த் தூங்குங்கம்மா" என்றான். அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. ஏனென்று சொல்லவும் தெரியவில்லை.

மறுநாள் லாண்டரிக்காரர் வந்தார், எரிந்த மோட்டாரோடு. போன மாதம்தான் நாங்கள் கம்பி கட்டிக் கொடுத்தது. "என்ன காயில்காரரே, வேலை சுத்தமில்லையே" என்று குத்தலாக ஆரம்பித்தார். அவர் கூடவே கொண்டுவந்திருந்த ஸ்டார்ட்டர் பெட்டியைத் தம்பி திறந்தான். மோட்டாருக்குச் சுமை கூடினால் தானாகவே கரண்ட்டை வெட்டிவிட அதற்குள் ரிலே என்று ஒன்று இருக்கும். அது வேலை செய்யாதபடி யாரோ ஒரு துண்டுக் கம்பியால் இணைத்திருந்தார்கள்.

"எவன்யா இந்த ரிலேவை டைரக்ட் பண்ணினவன்?"

"நான்தான். அடிக்கடி ட்ரிப் ஆகி ஒரே தொல்லை. நீங்க கட்டிக் கொடுத்தப்புறம்தான் பண்ணினேன். அருமையா ஓடுச்சே!"

"ஓடும்யா, ஓடும்! உள்ள எரியுதுன்னு சொல்ற வாயைப் பொத்திட்டா..." நடுவில் நிறுத்தி மூச்சு இழுத்தான். "எரியறது நின்னுடுமா? ஒரு சத்தம் இல்லாம... அருமையா ஓடும். அப்புறம்... ஒரேயடியா..."

முடிக்கவில்லை. ஸ்டூலைத் தேடி உட்கார்ந்தான். உதடு நீலமாக இருந்தது.

மேசையைத் தள்ளிக்கொண்டு எழுந்தேன். "டேய், ஊருக்கெல்லாம் உபதேசம் பண்றியே! உன் ரிலேவைக் கழட்டி எத்தனை மாசமாச்சு?"

"என்னக்கா உளர்றே?"

"அந்த நர்ஸ் என்னடா சொன்னா? சுடாதுன்னு சொன்னாளே! உடம்பு சுடாதுன்னு சொன்னாளேடா!"

அவன் புறங்கை நெற்றிக்குப் போனது. பிறகு அந்தக் கையை இறக்கி, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தான். வாழ்நாளெல்லாம் நம்பிய ஆள் பொய் சொல்லிவிட்ட மாதிரி பார்த்தான். லாண்டரிக்காரர் எங்களை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வண்டியைத் திருப்பினார்.

இரண்டு நுரையீரலிலும் சளி கட்டி, கிருமி ரத்தத்துக்கும் இறங்கியிருந்தது. "காய்ச்சல் இருந்துச்சா?" என்று கேட்ட இளம் டாக்டர், மருந்தின் பெயரைச் சொன்னதும் எங்கள் பதிலுக்குக் காத்திருக்காமல் ஓடினார். வாயில் குழாய் போட்டுப் படுக்கவைத்தார்கள். உள்ளே விடும்போதெல்லாம் அவன் மனைவி பழக்கத்தில் நெற்றியைத் தொடுவாள், உடனே சுட்டதுபோல் கையை இழுத்துக்கொள்வாள். அந்த நெற்றி கடைசிவரை குளிர்ந்தே இருந்தது. இனிமேல் அந்தக் குளிர்ச்சியைப் பார்த்தால்தான் எனக்குப் பயம்.

பிழைத்தான். எலும்பும் தோலுமாக வந்தான். மருந்தை நிறுத்தியிருந்தார்கள், அதனால் நெஞ்சில் சளி குறையக் குறைய விரல்கள் மறுபடி சுருண்டன. கரண்டியைப் பிடிக்க முடியவில்லை. இதற்கு முன் கொடுத்த மற்ற மருந்துகள் எதுவும் கேட்கவில்லை என்பதை டாக்டரம்மா நினைவுபடுத்தினார். நெஞ்சு முழுதாகச் சரியான பிறகு, அடிக்கடி பரிசோதித்துக்கொண்டு அதையே மறுபடி தரலாம், ஆபத்தே இல்லை என்று மட்டும் சொல்ல மாட்டேன் என்றார். முடிவு அவனுடையது.

"வேண்டவே வேண்டாம். சாகற வரைக்கும் நான் ஊட்டி விடறேன்" என்றாள் மனைவி.

"யாரு சாகற வரைக்கும்?" என்று கேட்டான். யாரும் சிரிக்கவில்லை.

நான் கத்தினேன். உயிர் இருந்தால் பிச்சை எடுத்தாவது பிழைக்கலாம் என்றேன். வாயில் வந்ததை எல்லாம் சொன்னேன். அவன் வளைந்த கையை என் முன்னால் நீட்டினான். "இதை வெச்சுக்கிட்டு நான் நாளெல்லாம் என்ன பண்ணட்டும், அதை மட்டும் சொல்லு. நிறுத்திடறேன்."

மருந்து மறுபடி ஏறுகிறது. பின்னல் மறுபடி இறுகுகிறது. எங்கள் வீட்டில் இப்போது யாரும் அவன் நெற்றியைத் தொடுவதில்லை. நான் அவன் தட்டைப் பார்க்கிறேன். தினமும் காலையில் ஏதாவது சாக்குச் சொல்லி மாடிக்கு ஏறவைத்து, மூச்சு வாங்குகிறதா என்று மேலே நின்று கேட்கிறேன். கிழவிக்குக் கிறுக்கு என்கிறான். சொல்லட்டும்.

போன வாரம் நான் ஜுரத்தில் விழுந்தேன். தொற்றிக்கொள்ளும், வராதே என்று தடுப்பதற்குள் உள்ளே வந்து என் நெற்றியில் புறங்கையை வைத்துவிட்டான்.

"நல்லா கொதிக்குதுக்கா." கையை எடுக்காமல் நின்றான். "கொடுத்து வெச்சவ நீ. உனக்கு ரிலே வேலை செய்யுது."

சிரித்தேன். சிரிப்பு இருமலில் முடிந்தது. வாசலில் நின்ற அவன் மனைவி சிரிக்கவில்லை. அவன் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், கையைக் கழுவச் சொல்லி, என் கதவைச் சாத்தினாள்.

கதவுக்கு அந்தப் பக்கம் குழாய்த் தண்ணீர் ஓடி நின்றது. அப்புறம் அவன் ஒருமுறை இருமினான். வெறும் தொண்டைச் செருமலாகவும் இருக்கலாம். போர்வையை விலக்கி எழுந்து உட்கார்ந்து, அடுத்தது வருகிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.